உறைபனி காக்கும் புல்வெளி

நீலகிரியில் டிசம்பர் பிறந்தால் உறைபனிப் பேச்சு தொடங்கிவிடும். தேயிலை வைத்திருப்பவருக்குக் கொழுந்து கருகிவிடுமே என்ற கவலை. கேரட் போட்டவர் விடியுமுன் எழுந்து ஸ்பிரிங்ளரைத் திறந்து, இலைமேல் படிந்த பனியைக் கழுவுவார். சமவெளியிலிருந்து வந்தவர்கள் தலைகுந்தாவில் வண்டியை நிறுத்தி, வெளுத்துக் கிடக்கும் புல்லில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பனி நன்றாக விழ வேண்டும் என்று மனதாரக் காத்திருக்கும் ஒருவரை இந்தப் பொங்கலை ஒட்டித்தான் சந்தித்தேன். மதுரைப் பக்கத்துப் பெண். பெங்களூரில் சூழலியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். மேல் பவானிக்கு அருகே ஒரு சரிவில் அவருடைய ஆய்வுக் களம் இருக்கிறது. பூமி சூடாகி, உறைபனி விழும் இரவுகள் குறைந்தால் இந்த மலையின் உச்சிப் பரப்பு என்ன ஆகும் என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. வனத்துறை அனுமதியோடு நானும் உடன் போனேன்.

மேட்டுப்பாளையம் தாண்டி இ-பாஸ் சோதனை, கல்லாற்றுப் பாக்குத் தோப்புகள், கொண்டை ஊசி வளைவுகள், குன்னூர், ஊட்டி. இந்த வழியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எமரால்டு கடந்த பிறகுதான் எனக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. காய்கறித் தோட்டங்கள் முடிந்து அவலாஞ்சி தொடங்கும் இடத்தில், மலைச் சரிவுகளில் செம்மண் தெரியும் நீண்ட தழும்புகள் இன்னும் ஆறாமல் இருக்கின்றன. 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கும் மேல், இருபத்து நான்கு மணி நேரத்தில். காற்று ஒரு டிகிரி சூடானால் அது பிடித்துவைக்கக்கூடிய ஈரம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடும் என்கிறது இயற்பியல். அந்த ஒரு நாள் மழையைப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. ஆனால் இப்படிப்பட்ட நாட்கள் கூடும் திசையில்தான் நாம் போய்க்கொண்டிருக்கிறோம். ஜீப்பை மெதுவாக ஓட்டிய ஓட்டுநர் ஒவ்வொரு தழும்பையும் கையால் காட்டி, அந்த வாரம் எந்தப் பாலம் போனது, எந்த ஊருக்கு எத்தனை நாள் மின்சாரம் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அவலாஞ்சிக்கு மேலே ஏறினால் நிலம் மாறுகிறது. குன்றுகள் அடுத்தடுத்துப் புல் போர்த்திக் கிடக்கின்றன. ஜனவரிப் புல் பச்சையாக இருக்காது. பழுப்பும் வைக்கோல் நிறமுமாக, வெயில் படும்போது செம்பாக மின்னும். குன்றுகளுக்கு இடையிலான மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாகச் சோலைகள். கட்டையான, கிளை முறுக்கிய, பாசி ஏறிய மரங்கள். சோலையின் ஓரம் கத்தியால் நறுக்கியது போலிருக்கிறது. இந்தப் பக்கம் பத்து அடி வைத்தால் முழங்கால் அளவுப் புல், அந்தப் பக்கம் பத்து அடி வைத்தால் வெயில் எட்டாத காடு. இடையில் புதரோ இளமரமோ இல்லை. புல்வெளியில் தனியாக நிற்கும் மரம் என்றால் அது ரோடோடென்ட்ரான் ஒன்றுதான். தடித்த பட்டையும் தோல் போன்ற இலையுமாக, அந்த ஜனவரியிலேயே சில கிளைகளில் சிவப்புப் பூ வைத்திருந்தது.

மண் ஒன்று, மழை ஒன்று. பிறகு ஏன் மரம் சோலையை விட்டு வெளியே வருவதில்லை? இந்தக் கேள்விக்கு வயது ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு இருக்கும். வன அதிகாரி சி. ஆர். ரங்கநாதன் 1938இல், இது இயற்கையாக அமைந்த நிலைதான், புல்வெளியில் மரக்கன்று நிலைக்காததற்கு உறைபனிதான் காரணம் என்று எழுதினார். அதே ஆண்டில் தாவரவியலாளர் என். எல். போர் வேறு பக்கம் நின்றார்: மனிதர்கள் வைத்த தீயும் மேய்ச்சலும்தான் காட்டைப் பின்னுக்குத் தள்ளிப் புல்லாக்கின என்பது அவர் கட்சி. அந்த வாதம் வெறும் அறிஞர் சண்டை இல்லை. புல்வெளி என்பது அழிந்துபோன காடு என்று எடுத்துக்கொண்டால், அங்கே மரம் நடுவது பரிகாரம் ஆகிவிடும். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து புல்வெளியைத் தரிசு நிலக் கணக்கில் வைத்துப் பழகிய நிர்வாகத்துக்கு அந்த முடிவு வசதியாகவும் இருந்தது. மரம் நட்டார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வேட்டைத் தடுப்புக் காவலர்களின் முகாமில் மூட்டையை இறக்கிவிட்டு, மாலை நான்கு மணிக்குக் களத்துக்கு நடந்தோம். எங்களோடு வந்த காவலர் தோடர், ஐம்பதைக் கடந்தவர். மாணவி அவரை அண்ணா என்கிறார்; அவர் இவரைப் பாப்பா என்கிறார். சரிவில் கம்பி வேலிக்குள் இரண்டு வகை அமைப்புகள் இருந்தன. ஒன்று, முழங்கால் உயரத்தில் ஆறு பக்கமும் கண்ணாடி போன்ற தகடு சாய்த்து, மேலே திறந்துவிட்ட கூண்டுகள். பகல் வெயிலின் சூட்டை உள்ளே கொஞ்சம் தேக்கி, பூமி இன்னும் சூடான பிறகு இந்த மண் எப்படி நடந்துகொள்ளும் என்று இன்றைக்கே பார்க்க உதவும் ஏற்பாடு. மின்சாரம் தேவையில்லை என்பதால் இந்த மாதிரி இடங்களில் இதுதான் தோது. மற்றது, சோலை மரங்களின் கன்றுகளையும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரத்தின் கன்றுகளையும் நட்ட சிறு பாத்திகள். இவற்றில் பாதியை மாலையில் துணிப் படுதாவால் மூடி, விடிந்ததும் எடுத்துவிட வேண்டும். மண் இரவில் வெளிவிடும் வெப்பத்தைப் படுதா தடுத்து நிறுத்துவதால் உள்ளே உறைபனி படியாது. மூடாத பாதியில் படியும். இரண்டையும் ஒப்பிடலாம்.

படுதாவைப் போடவும் எடுக்கவும் ஆள் வேண்டும். தினமும். குளிர்காலம் முழுவதும்.

“ஆராய்ச்சின்னா லேப்ல உட்கார்ந்து கம்ப்யூட்டர் பாக்கறதுன்னு எங்க வீட்ல நினைச்சுட்டு இருந்தாங்க சார். ஒரு தடவ அம்மா இங்க வந்தாங்க. பாத்துட்டு, ‘நம்ம ஊர்ல நாத்தங்காலுக்குக் காவல் இருக்கற மாதிரி இருக்கே’ன்னாங்க” என்றார்.

இரவு வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. மேகம் இல்லாத, காற்று இல்லாத இரவில்தான் உறைபனி விழும். பகலில் வாங்கிய வெப்பத்தைப் புல்லும் மண்ணும் தடையில்லாமல் வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழே தங்கும். ஆள் உயரத்தில் வைத்த வெப்பமானி இரண்டு மூன்று டிகிரி காட்டும்போது புல்லின் மட்டத்தில் தண்ணீர் உறைந்துவிடும். சோலைக்குள் கதை வேறு. மேலே கவிந்த இலைக்கூரை வெப்பத்தை வெளியே விடுவதில்லை. பத்து மணிக்கு டார்ச் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்துக் கருவிகளையும் பார்த்தோம். திறந்த புல்வெளியில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. ஐம்பது அடி தள்ளிச் சோலைக்குள் இருந்த கருவி பூஜ்யத்துக்கு மேலேயே நின்றது. அந்த ஐம்பது அடியை நடந்து கடக்கும்போது கன்னத்திலேயே வித்தியாசம் தெரிந்தது.

காலை ஆறரைக்குப் புல் முழுவதும் வெளுத்திருந்தது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு தாளின் விளிம்பிலும் ஊசி ஊசியாகப் பனிப் படிகம். படுதா இல்லாத பாத்தியில் ஒரு நாவல் இனக் கன்று. இரண்டு சாண்கூட இல்லை. அதன் நுனிக் குருத்து கறுத்துச் சுருண்டிருந்தது. நடுவில் உள்ள இலைகள் ஓரம் பழுத்திருந்தன. அடி இலைகள் இரண்டு மட்டும் தப்பியிருந்தன. உறைபனி பாதிக் கொலைதான் செய்கிறது, மீதியைக் காலை வெயில் முடிக்கிறது என்று மாணவி விளக்கினார். இரவில் விறைத்துப்போன இலையால் ஒளிச்சேர்க்கை செய்ய முடியாது. அந்த நிலையில் மலை உச்சியின் கூர்மையான வெயில் நேராக விழும்போது, பயன்படுத்த முடியாத ஒளியே இலைக்கு நஞ்சாகிவிடும். பக்கத்திலேயே சீகைக் கன்று. அதன் இறகு போன்ற இலைகளிலும் பனி படிந்திருந்தது. வெயில் ஏறியதும் துளிகளாகி உதிர்ந்துவிட்டது. கன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. உறைபனி விழும் தென்கிழக்கு ஆஸ்திரேலியா அதன் தாய்நாடு.

பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் மூவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தைச் சோதனை மூலம் நிறுவியது. இந்தப் புல்வெளியையும் சோலையையும் பிரித்து வைத்திருப்பது உறைபனிதான். அயல் மரங்களின் படையெடுப்பும் வெப்ப உயர்வும் அந்தச் சமநிலையைக் குலைக்கக்கூடும் என்றது. ரங்கநாதன் கண்ணால் பார்த்துச் சொன்னதற்கு எண்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அளவுகோல் வைத்த சான்று கிடைத்தது. இன்றைய மாணவர்கள் அங்கிருந்து மேலே போகிறார்கள். எத்தனை இரவு பனி குறைந்தால் எந்த மரம் முதலில் வெளியே வரும்? சோலை மரமா, சீகையா? பனியைத் தாங்கத் தெரிந்த சீகை ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். பனியும் தளர்ந்துபோனால் புல்லுக்கு இருக்கும் கடைசிக் காவலும் போய்விடும்.

பகலில் அவர் செய்த வேலை மண்ணின் மூச்சை அளப்பது. தரையில் நிரந்தரமாகப் பதித்த பிளாஸ்டிக் வளையத்தின் மேல் ஒரு மூடியைக் கவிழ்த்தால், மண்ணிலிருந்து வெளிவரும் கரியமில வாயு குழாய் வழியாக அகச்சிவப்புக் கதிர்க் கருவிக்குப் போகும். ஓரிரு நிமிடத்தில் திரையில் கோடு மேலே ஏறத் தொடங்குகிறது. வேர்களும் மூச்சு விடும், மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் விடும். இரண்டையும் பிரித்தறிய, சில வளையங்களில் வேர் புகாதபடி ஆழமாகத் தடுப்பு இறக்கியிருந்தார். நீலகிரிப் புல்வெளியில் யதுகிரி திருவாய்மொழியும் மகேஷ் சங்கரனும் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், மண் வெளிவிடும் வாயுவில் பெரும்பங்கு நுண்ணுயிர்களுடையது, சூடேற்றினால் அது கூடுகிறது என்று தெரிந்தது. கேட்க எளிதாக இருக்கும் இந்த வரி எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது. காட்டின் செல்வம் கண்ணுக்குத் தெரியும் மரத்தில் இருக்கிறது. புல்வெளியின் செல்வம் கால்களுக்குக் கீழே இருக்கிறது. குளிர் அதைப் பூட்டி வைத்திருக்கிறது. உலகம் முழுவதும் பார்த்தால், வளிமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கரிமம் மண்ணின் மேல் ஒரு மீட்டரில் இருக்கிறது. நுண்ணுயிர்கள் சூடு பிடித்து அதைத் தின்னத் தொடங்கினால், மேலே நாம் எத்தனை மரம் நட்டாலும் கணக்கு நேராகாது.

இப்படிப்பட்ட மாற்றங்கள் ஒரே சீராக நடப்பதும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹார்வர்டு காட்டில் ஜெர்ரி மெலிலோ குழுவினர் 1991இலிருந்து மண்ணுக்குள் வெப்பக் கம்பிகளைப் புதைத்து, சுற்றுப்புறத்தைவிட 5 டிகிரி கூடுதலாகச் சூடேற்றிவருகிறார்கள். 26 ஆண்டுகளின் முடிவை 2017இல் வெளியிட்டார்கள். முதல் பத்தாண்டு மண் கரிமத்தை இழந்தது. பிறகு அடங்கியது. அடங்கிவிட்டது என்று முடிவு கட்டியிருந்தால் தவறாகியிருக்கும். மறுபடி சில ஆண்டுகள் இழந்தது, மறுபடி அடங்கியது. நம் முதுமலையிலும் பாடம் அதேதான். இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழுவினர் 1988இல் அங்கே 50 ஹெக்டேர் காட்டைக் குறித்துக்கொண்டு, ஒரு சென்டிமீட்டர் பருமன் உள்ள கன்று முதல் எல்லாவற்றுக்கும் எண் போட்டு இன்றுவரை கணக்கெடுக்கிறார்கள். மழை பொய்த்த ஆண்டிலேயே மரம் சாவதில்லை, சில ஆண்டு கழித்துத்தான் சாவு கூடுகிறது என்பது அங்கே தெரிந்தது. ஒரு முனைவர் பட்டத்துக்குக் கிடைப்பது ஐந்து, ஆறு ஆண்டு. உதவித்தொகை அதற்கும் முன்பே நின்றுவிடும். வறட்சி வந்து, மரம் சாவதற்குள் மாணவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார். ஆகவே ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். அதே வளையம், அதே பாத்தி, அதே அளவுமுறை. நம் நாட்டில் இதற்குப் பணம் பெயர்வதுதான் ஆகக் கடினம். கட்டடம் கட்ட நிதி கிடைக்கிறது, ஒரே சரிவை முப்பது ஆண்டு பார்த்துக்கொண்டிருக்கக் கிடைப்பதில்லை. எனக்கு இதில் மிகுந்த ஆதங்கம் உண்டு.

மறுநாள் காவலர் எங்களை ஒரு சதுப்புக்கு அழைத்துப் போனார். இரண்டு குன்றுகளுக்கு நடுவே தட்டையான நிலம். கால் வைத்தால் நெகிழ்ந்தது. இங்குள்ள மண் கறுப்பாக, நார் நாராக இருக்கும்; மக்காத செடிகொடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த அடுக்கு. நீலகிரியில் இப்படிப்பட்ட சதுப்புகளைத் தோண்டித்தான் சுகுமாரும் அவருடைய சகாக்களும் 1993இல் ‘நேச்சர்’ இதழில் புகழ்பெற்ற அந்தக் கட்டுரையை எழுதினார்கள். மரங்களும் வெப்பநாட்டுப் புற்களும் காற்றிலிருந்து கரிமத்தை எடுக்கும் வழி வேறு வேறு. அதனால் கரிமத்தின் கனமான வகையும் லேசான வகையும் இரண்டிலும் வெவ்வேறு விகிதத்தில் சேரும். செடி மக்கிப்போனாலும் அந்த விகிதம் மண்ணில் தங்கிவிடும். அதை வைத்து இருபதாயிரம் ஆண்டு வரலாற்றைப் படித்தார்கள். பனியுகம் உச்சத்தில் இருந்தபோது இங்கே வறட்சி, வறட்சி தாங்கும் புல்லின் ஆட்சி. சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை உச்சம் தொட்டது. 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன்பு வரை மறுபடி வறட்சி. பெரிய அளவில் விவசாயமோ காடழிப்போ தொடங்காத காலத்திலேயே இங்கே புல் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அழிந்த காடு இல்லை இது.

சதுப்பின் ஓரத்தில் ஆளுயரம் வளர்ந்த ஒரு புல்லைக் காவலர் காட்டினார். அவர்களுடைய கோயில்களுக்குக் கூரை வேய்வது இதைக் கொண்டுதான். தாவரவியலாளர் ரங்காச்சாரியின் பெயரைத் தாங்கிய எரியோகிரிசிஸ் இனம். தென்னிந்திய மலைச் சதுப்புகளைத் தவிர வேறெங்கும் இல்லை. “முன்னாடி எங்க குடியிருப்புக்கு, மந்துக்குப் பக்கத்துலயே அறுப்போம். இப்ப இவ்ளோ தூரம் வரணும். சீகை வந்த எடத்துல தண்ணி நிக்கறதில்ல, தண்ணி இல்லாம இந்தப் புல்லு வராது. எருமைக்கும் மேய எடம் இல்ல” என்றார். அவர் குரலில் புகார் இல்லை. கணக்குச் சொல்லும் குரல். இந்தச் சதுப்பில் ஊறும் நீர்தான் ஓடையாகி, அணையாகி, பவானியாக இறங்கி ஈரோட்டு வயலுக்குப் போகிறது. மழையை வாங்கி மெதுவாக விடுவது புல்வெளியின் வேலை.

சீகையும் கற்பூர மரமும் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து விறகுக்காக வந்தவை. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடவும் ரேயான் கூழுக்கும் என்று புல்வெளிகளில் வரிசை வரிசையாக நட்டோம். 1980கள் வரை நட்டோம். நடுவதை நிறுத்திய பிறகும் சீகை தானாகவே பரவுகிறது. பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். மரம் நட்டால் புண்ணியம் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அது நல்ல நம்பிக்கைதான். இந்த மலைக்கு மட்டும் பொருந்தாது. இங்கே மரம் நடுகிறேன் என்று யாராவது வந்தால், தயவுசெய்து கீழே இறங்கிச் சமவெளியில் நடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அயல் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022இல் தனிக் கொள்கையே வகுத்தது. ஆனால் வெட்டினால் தீர்ந்துவிடுமா? சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டாலோ தீப்பட்டாலோ மொத்தமாக முளைத்துவிடும். இன்னொரு பக்கம், பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகள் முளைத்து வருகின்றன. அங்கே உறைபனி விழுவதில்லையே. அந்தத் தோப்பை வெட்டிப் புல்லாக்குவதா, சோலையாக வளர விடுவதா என்பதில் மலையில் வேலை செய்கிறவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு பலமாக இருக்கிறது. முகாமில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து இதைப் பேசினோம். சோலை வருகிற இடத்தில் வரட்டும் என்பது என் கட்சி. காவலர் ஒப்பவில்லை. அது எருமை மேய்ந்த இடம், அவருக்கு அங்கே புல்தான் வேண்டும். நான் அவரோடு வாதாடவில்லை. அந்த நிலத்தின் மேல் அவருக்கு இருக்கும் உரிமை எனக்கு இல்லை.

எதை முதலில் செய்வது என்று மாணவியைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

“இன்னும் சீகை ஏறாத புல்வெளி கொஞ்சம் இருக்கு சார். அதோட ஓரத்துல இப்பத்தான் கன்னு வருது. அத மொதல்ல பிடுங்கணும். இன்னைக்கு அது ரெண்டு பேருக்கு அரை நாள் வேல. பத்து வருஷம் விட்டா ரம்பமும் லாரியும் வேணும், அப்புறம் முப்பது வருஷம் முளைக்கறதப் பிடுங்கிட்டே இருக்கணும்.”

கிளம்பும் நாளன்று அந்த வேலைக்கே போனோம். காவலர் காட்டிய சரிவில், மழைக்குப் பின் மண் இளகியிருந்த இடத்தில், ஒரு முழம் வளர்ந்த கன்றுகள். அடியைப் பிடித்து நேராக இழுத்தால் முழு வேரோடு வந்துவிடுகிறது; சாய்த்து இழுத்தால் அறுந்து, அறுந்த இடத்திலிருந்து மறுபடி துளிர்க்கும் என்று அவர் செய்து காட்டினார். வேரில் கடுகளவு முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறிய மாணவி உள்ளே இருந்த இளஞ்சிவப்பைக் காட்டினார். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியா இருக்கும் இடம் அது. சத்துக் குறைந்த மண்ணில் வாழப் பழகிய புல்லுக்கு அந்தக் கூடுதல் நைட்ரஜனும் இடைஞ்சல்தான். பிடுங்கியதைப் பாறைமேல் வேர் வானம் பார்க்கப் போட்டுவிட்டு, ஒவ்வொரு கன்றின் இடத்தையும் உயரத்தையும் ஜிபிஎஸ்ஸிலும் நோட்டிலும் அவர் குறித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு இதே சரிவில் எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ண வேண்டும். அப்போது நான் ஆய்வேடு எழுதப் பெங்களூரில் உட்கார்ந்திருப்பேன், ஆய்வகத்தில் ஜூனில் சேரப்போகும் ஒரு ஜூனியர் வருவார் என்றார். அந்த ஜூனியருக்குப் புரியும்படி எழுதவேண்டும் என்பதற்காக நோட்டில் வழியையும் வரைந்துகொண்டிருந்தார்: முகாமிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து பெரிய ரோடோடென்ட்ரான், அங்கிருந்து தெற்கே.